ஆண்டுக்கு இருமுறை கண் சோதித்தும் ஏறிய கிட்டப்பார்வை: தைவான் பள்ளிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தைவானில் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பருவத்திலும், அதாவது ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளியிலேயே கண் பார்த்துவிடுகிறார்கள். சுவரில் ஒரு பலகை. அதில் எழுத்துகளுக்குப் பதிலாக, ஒரு பக்கம் வாய் திறந்த வளையங்களோ, நான்கு பக்கமும் திரும்பிக் கிடக்கும் முக்கரண்டி போன்ற குறியோ வரி வரியாகச் சிறுத்துக்கொண்டே போகும். பிள்ளை ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, திறப்பு மேலேயா கீழேயா, இடமா வலமா என்று கையால் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது சரிப்படும். சோதிப்பவர் பலகையைவிடப் பிள்ளையின் முகத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். இமையை இடுக்கிப் பார்த்தால் மங்கலும் கொஞ்சம் தெளிவாகிவிடும். முன்னால் நின்றவன் காட்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வரும் கெட்டிக்காரர்களும் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

முழுப் பார்வை 1.0 என்பது கணக்கு. 0.8 அல்லது அதற்குக் கீழே வந்தால் 'பார்வைக் குறைவு' என்று பதிவாகும். நம் ஊர்ச் சீட்டில் 6/7.5 என்று எழுதினால் அதுதான் இந்த 0.8. உடனே வீட்டுக்கு ஒரு தாள் போகும். பெற்றோர் பிள்ளையைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போய், அவர் எழுதிக் கொடுப்பதைப் பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டும். 1995 முதல் நாடு முழுவதற்கும் பொது மருத்துவக் காப்பீடு இருப்பதால் மருத்துவரைப் பார்ப்பது அங்கே பெரிய செலவில்லை.

ஆக, சோதனை உண்டு, சீட்டு உண்டு, மருத்துவரும் உண்டு. நம் பள்ளிகளில் எதெல்லாம் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோமோ அதெல்லாம் அங்கே இருந்தது. அப்படியிருந்தும் 2001-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் 34.8 சதவீதத்தினருக்கு இருந்த பார்வைக் குறைவு, 2011-இல் 50.0 சதவீதமாக ஏறியது. இரண்டு பிள்ளைக்கு ஒன்று. இது சில பள்ளிகளை எடுத்துப் பார்த்த மாதிரிக் கணக்கு இல்லை. நாட்டின் அத்தனை தொடக்கப் பள்ளிகளின் பதிவு. ஆண்டைப் பொறுத்து 12 லட்சம் முதல் 19 லட்சம் பிள்ளைகள் வரை இதில் அடக்கம்.

நல்ல சோதனை முறை இருந்தும் ஏன் ஏறியது, பிறகு எதைச் செய்தபோது அந்த எண் முதன்முறையாக இறங்கியது, அந்த இறக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பார்ப்போம்.

சோதனை எதற்காக வந்தது

பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் முதல் காரணம் சோம்பேறிக் கண். ஒரு கண்ணில் பவர் அதிகமாக இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ, மூளை அந்தக் கண்ணிலிருந்து வரும் படத்தை ஒதுக்கிவிட்டு இன்னொரு கண்ணை வைத்தே காலம் தள்ளப் பழகிவிடும். பிள்ளை எதுவும் சொல்லாது. அதற்கு எல்லாம் தெரிகிறதே! ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்துக் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மறைத்தால் பெரும்பாலும் சரியாகும். வயது ஏற ஏறச் சிரமம். தைவானில் இதற்காகவே மழலைப் பள்ளியில் நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பலகைச் சோதனையோடு, இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் முப்பரிமாணப் படச் சோதனையும் செய்கிறார்கள்.

இங்கே சோதனைக்கும் சிகிச்சைக்கும் நேரான பாதை இருக்கிறது. கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

பள்ளிப் பிள்ளைகளின் பார்வைக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணமான கிட்டப்பார்வை அப்படிப்பட்டதில்லை. பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம். பெரியவர்களுக்கு 24 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். வளர்ச்சி அங்கே நிற்காமல் இன்னும் ஒரு மில்லிமீட்டர் நீண்டால், கிட்டத்தட்ட இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) கிட்டப்பார்வை வந்துவிடும். கண்ணாடி போட்டால் கரும்பலகை தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். சாதாரணக் கண்ணாடிக்குப் பின்னால் கண் தன்பாட்டுக்கு நீண்டுகொண்டே போகும். அடுத்த ஆண்டு பவர் மாறும், அதற்கடுத்த ஆண்டும் மாறும். மைனஸ் ஆறைத் தாண்டினால் அதைக் கடும் கிட்டப்பார்வை என்கிறார்கள். இழுபட்டு மெலிந்த விழித்திரை பிய்வதும், அதன் நடுப்பகுதி சிதைவதும், கண் அழுத்த நோயும் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். தைபேயின் ஷிபாய் பகுதி முதியவர்களிடம் நடந்த ஆய்வில், பார்வை இழப்புக்குக் கண்புரைக்கு அடுத்த காரணமாக வந்தது கிட்டப்பார்வையால் வரும் இந்த நடுவிழித்திரைச் சிதைவுதான். கண்புரையை அறுவை செய்து சரிசெய்யலாம்; இதை முடியாது.

ஆகவே 'எட்டு வயதில் கண்ணாடி, அதனாலென்ன' என்று விட முடியாது. எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறதோ அவ்வளவு ஆண்டுகள் நீள அதற்கு அவகாசம் கிடைக்கிறது. இறுதிப் பவரில் ஒரே ஒரு டயாப்டர் குறைத்தாலும் நடுவிழித்திரைச் சிதைவுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறையும் என்று 2019-இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. கிட்டப்பார்வையில் பள்ளிச் சோதனை பிடிப்பது, ஏற்கெனவே நீண்டுவிட்ட கண்ணை. சீட்டு வீட்டுக்குப் போகும்போதே ஒரு படி பிந்திவிட்டது.

1983-லிருந்து ஒரு கோடு

தைவானைப் பற்றி இவ்வளவு பேச முடிவதற்குக் காரணம், அங்கே எண்ணிக்கையை விடாமல் எடுத்து வைத்ததுதான். தைவான் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் லின் லூங்-குவாங் தலைமையில் 1983-இல் நாடு தழுவிய கணக்கெடுப்பு நடந்தது. 1986, 1990, 1995, 2000 என்று அது தொடர்ந்தது. இதில் பலகை மட்டும் போதாது. சொட்டு மருந்து விட்டு, கண்ணின் குவியத் தசையைத் தளர்த்தி, அப்புறம் பவரை அளப்பார்கள். பிள்ளைகளின் தசை மிகவும் துடிப்பானது. மருந்து விடாமல் அளந்தால் இல்லாத கிட்டப்பார்வை இருப்பதாகக் காட்டும்.

7 வயதுப் பிள்ளைகளில் 1983-இல் 5.8 சதவீதமாக இருந்த கிட்டப்பார்வை 2000-இல் 21 சதவீதம் ஆனது. 12 வயதில் 36.7-லிருந்து 61. 15 வயதில் 64.2-லிருந்து 81. 18 வயதில் கடும் கிட்டப்பார்வை மட்டும் 10.9-லிருந்து 21. இந்த 7 வயது எண்தான் எனக்கு உறைத்தது. பள்ளிப் படிப்பின் சுமை இன்னும் முழுசாக ஏறாத வயது அது.

அரசு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வகுப்பறை விளக்குகளை மாற்றினார்கள். உயரத்துக்கு ஏற்ற மேசை நாற்காலி கொடுத்தார்கள். தொலைவில் ஒரு புள்ளியை உற்றுப் பார்க்கும் பயிற்சி வந்தது. 30 நிமிடம் படித்தால் 10 நிமிடம் கண்ணுக்கு ஓய்வு என்ற விதி வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை: அருகில் வைத்துப் படிப்பதுதான் கண்ணைக் கெடுக்கிறது, ஆகவே படிக்கும் விதத்தைத் திருத்து. எங்கும் எல்லாப் பெற்றோரும் சொல்வதுதானே, 'புத்தகத்தைத் தள்ளி வை'.

மருந்தும் இருந்தது. இரவில் அட்ரோபின் சொட்டு விட்டால் கண் நீளும் வேகம் குறையும். தைவான் மருத்துவர்கள் இதை மற்ற நாடுகளுக்கு வெகு முன்பே தாராளமாக எழுதினார்கள். கிட்டப்பார்வை என்று பதிவான 4 முதல் 18 வயதுப் பிள்ளைகளில், அட்ரோபின் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் 2000-இல் 36.9 சதவீதம், 2007-இல் 49.5 சதவீதம். மருந்து வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் செறிவு கூடிய அட்ரோபின் விட்டால் கண்மணி விரிந்து வெளிச்சம் கூசும். கூசினால் பிள்ளை வெயிலுக்குப் போகாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

சிட்னியும் சிங்கப்பூரும்

துப்பு வெளியிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் கேத்ரின் ரோஸ், இயன் மார்கன் குழுவினர் 2008-இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகள், வயது ஆறேழு. பெற்றோரில் ஒருவருக்காவது கிட்டப்பார்வை இருக்கும் குடும்பங்கள் இரண்டு ஊரிலும் பத்துக்கு ஏழு. அதாவது பரம்பரையில் பெரிய வேறுபாடு கிடையாது. ஆனால் கிட்டப்பார்வை சிட்னியில் 3.3 சதவீதம், சிங்கப்பூரில் 29.1 சதவீதம்.

புத்தகம்தான் காரணம் என்றால் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அதிகம் படித்திருக்க வேண்டும். படித்தது சிட்னிப் பிள்ளைகள். வாரத்துக்கு அதிகப் புத்தகம், அருகில் பார்த்துச் செய்யும் வேலையும் அதிகம். ஒரே ஒரு விஷயம் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணி நேரம்.

வெளியில் இருப்பதில் எது கண்ணைக் காக்கிறது? ஓடி ஆடுவதா, தொலைவைப் பார்ப்பதா, வெளிச்சமா? ஜெர்மனியின் ட்யூபிங்கனில் கோழிக்குஞ்சுகளை வைத்து நடந்த சோதனைகள் வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்தன. கண்ணை மங்கலாக்கும் மூடியை மாட்டினால் குஞ்சின் கண் நீண்டுவிடும். நாளில் 15 நிமிடம் மூடியைக் கழற்றுவார்கள். அந்த நேரத்தில் சாதாரண அறை வெளிச்சத்துக்குப் பதில் 15,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் விட்டபோது நீள்வது வெகுவாகக் குறைந்தது. விழித்திரையில் சுரக்கும் டோப்பமின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரை சுரக்கும் டோப்பமின்தான் கண் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்ற விளக்கம் இப்படித்தான் வலுப்பெற்றது.

சாதாரண வகுப்பறை மேசையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். வெளியில் மர நிழலில் நின்றாலே சில ஆயிரம் லக்ஸ். உச்சி வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். உள்ளே இருக்கும்போது நம் கண்ணுக்கு இந்த வேறுபாடு உறைக்காது, ஏனென்றால் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொண்டு சமாளித்துவிடும். விளக்கை மாற்றி 300-ஐ 500 ஆக்கியது ஏன் பலன் தரவில்லை என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

காவ்சியுங்கின் இன்டர்வெல்

தெற்குத் தைவானின் துறைமுக நகரம் காவ்சியுங். அங்கே சாங் குங் நினைவு மருத்துவமனையின் கண் மருத்துவர் பெய்-சாங் வூ, இதைப் பள்ளியில் செய்து பார்க்க முடிவெடுத்தார். அவர் தொட்ட இடம்தான் இந்த நிகழ்வின் மையம் என்பேன். புதிய பாடவேளை கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. பாடவேளைகளுக்கு நடுவே ஏற்கெனவே விடும் இடைவேளைகளைக் கூட்டிப் பார்த்தார்: நாளுக்கு 80 நிமிடம். அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் வகுப்புக்குள்ளேயே. வீட்டுப் பாடத்தின் மிச்சத்தை எழுதிக்கொண்டோ, பக்கத்துப் பையனோடு பேசிக்கொண்டோ.

2009 பிப்ரவரியில் புறநகர்ப் பகுதியின் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் ஆய்வு தொடங்கியது. ஒரு பள்ளியில் மணி அடித்தால் வகுப்பைக் காலி செய்துவிட்டு எல்லோரும் வெளியே போக வேண்டும். மற்றதில் வழக்கம் போல. 7 முதல் 11 வயது வரை மொத்தம் 571 பிள்ளைகள்; 333 பேர் முதல் பள்ளி, 238 பேர் இரண்டாவது. ஓராண்டு கழித்துச் சொட்டு மருந்து விட்டு அளந்தபோது, புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் முதல் பள்ளியில் 8.41 சதவீதம், இரண்டாவதில் 17.65 சதவீதம். பாதிக்கும் கீழே.

இரண்டே பள்ளிகள்; எந்தப் பள்ளி எந்தப் பக்கம் என்பது குலுக்கல் போட்டு முடிவானதும் இல்லை. ஐயப்படுவது நியாயம்தான். ஆனால் அதன் பிறகு தென் சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளைக் குலுக்கிப் பிரித்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 40 நிமிட வெளிப்புற வகுப்பு கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். மூன்றாண்டுகளில் அங்கே புதிய கிட்டப்பார்வை 30.4 சதவீதம், வழக்கமான பள்ளிகளில் 39.5. காவ்சியுங் அளவுக்கு இல்லை, ஆனால் திசை அதே திசை.

வூவின் குழு பிற்பாடு 16 பள்ளிகளில் 693 ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பெரிய ஆய்வு செய்தது. வாரத்துக்கு 11 மணி நேரம் வெளியில் இருக்க ஊக்கப்படுத்தினார்கள். பிள்ளைகள் அணிந்துகொண்ட சின்ன ஒளி அளவி, அவர்கள் மேல் எவ்வளவு வெளிச்சம் பட்டது என்று பதிவு செய்தது. ஓராண்டில் பவர் நகர்ந்தது வெளியில் விட்ட பள்ளிகளில் 0.35 டயாப்டர், மற்றவற்றில் 0.47. 2018-இல் வெளியான இந்த ஆய்வில் நடைமுறைக்கு மிகவும் பயன்படும் சேதி ஒன்று இருந்தது. கொளுத்தும் வெயில் தேவையில்லை. 1,000 லக்ஸ் அளவிலான வெளிச்சத்தில் போதிய நேரம் இருந்தாலே பலன் தெரிந்தது. மர நிழல் போதும், கட்டடத்தின் தாழ்வாரம் கூடச் சில இடங்களில் போதும், தொப்பியும் போட்டுக்கொள்ளலாம்.

இது சின்ன விஷயமில்லை. காவ்சியுங் வெயில் நம் கடலோர ஊர்களின் வெயிலுக்குச் சளைத்ததில்லை. 'வெயிலில் அலையாதே, கறுத்துப்போவாய்' என்று அதட்டும் அம்மாக்கள் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. விழுந்து அடிபட்டால் யார் பதில் சொல்வது என்ற கவலை ஆசிரியர்களுக்கு. நிழல் போதும் என்றால் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும்.

120 நிமிடம்

2010 செப்டம்பரில் தைவான் அரசு நாடு முழுவதற்கும் 'தியான்-தியான் 120' என்ற திட்டத்தை அறிவித்தது. தினமும் 120 நிமிடம் வெளியில் என்பதுதான் அதன் சாரம். கட்டாயம் இல்லை, ஊக்கம். இடைவேளையில் வகுப்பைக் காலி செய்வது, சில பாடங்களை வெளியில் நடத்துவது, விளையாட்டு வகுப்பை வெளியிலேயே வைத்துக்கொள்வது என்று பள்ளிகள் தங்கள் வசதிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டன. (பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கி, திருப்பித் தராத ஊரிலிருந்து பார்த்தால் இதன் அருமை புரியும்.)

ஆண்டுக்கு இருமுறை எடுக்கும் அந்தப் பழைய பலகைச் சோதனை இங்கேதான் கைகொடுத்தது. பத்தாண்டு ஏறிய கோடு 2012-இல் 49.4 சதவீதம், 2015-இல் 46.1 சதவீதம் என்று ஆண்டுதோறும் இறங்கியது. 3.3 புள்ளிதானே என்று தோன்றலாம். 12 லட்சம் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 40,000 பேர். அதே ஆண்டுகளில்தான் கைப்பேசியும் டேப்லெட்டும் வீட்டுக்கு வீடு நுழைந்தன. ஏற வேண்டிய காலத்தில் இறங்கியது என்பதால் இந்த எண்ணுக்கு மதிப்புக் கூடுகிறது.

திரைகளை அரசு வேறு வழியிலும் மடக்கப் பார்த்தது. 2015 ஜனவரியில் சிறார் நலச் சட்டத்தைத் திருத்தி, பிள்ளைகளை 'நியாயமான அளவுக்கு மேல்' மின்னணுக் கருவிகளைப் பார்க்கவிடும் பெற்றோருக்கு 50,000 தைவான் டாலர் வரை அபராதம் என்று எழுதினார்கள். எத்தனை மணி நேரம் நியாயம் என்று சட்டம் சொல்லவில்லை. செய்திகளில் அடிபட்டதோ இந்த அபராதம்தான். மணி அடித்ததும் வகுப்பறையைக் காலி செய்யும் ஏற்பாட்டை வெளியுலகில் அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

எண்ணை எப்படிப் படிப்பது

இப்போது சிக்கலான பகுதிக்கு வருகிறோம். பலகைச் சோதனையின் கோடு இறங்கியது என்றேன். ஆனால் 1983-இல் தொடங்கிய கணக்கெடுப்பு வரிசை 2017 வரை நீண்டது. அதன்படி பார்த்தால் கிட்டப்பார்வை இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. 12 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் கிட்டப்பார்வை.

ஒரே நாடு, இரண்டு அளவுகோல், இரண்டு திசை. ஏன்?

முதல் காரணம், இரண்டும் அளப்பது ஒன்றையே அல்ல. பலகை அளப்பது, வெறுங்கண்ணால் எவ்வளவு தெரிகிறது என்பதை. கணக்கெடுப்பு அளப்பது, மருந்து விட்டபின் கண்ணின் பவரை. அதிலும் மைனஸ் கால் டயாப்டரே கிட்டப்பார்வை என்று எண்ணப்படுகிறது. கால் டயாப்டர் உள்ள பிள்ளை பலகையின் கடைசி வரி வரை படித்துவிடக்கூடும்.

இரண்டாவது, கணக்கெடுப்பு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. நடுவில் ஏறிப் பிறகு கொஞ்சம் இறங்கியிருந்தால் அது தெரியாது. பலகைச் சோதனை ஆண்டுதோறும் நடப்பதால் வளைவு தெரிகிறது.

மூன்றாவது பலருக்குத் தோன்றாதது. ஆர்த்தோ-கே என்று இரவில் போட்டுக்கொண்டு தூங்கும் கடினமான லென்ஸ் ஒன்று உண்டு. கருவிழியைத் தற்காலிகமாகத் தட்டையாக்கிவிடும். காலையில் கழற்றினால் பகல் முழுக்க வெறுங்கண்ணால் தெளிவாகத் தெரியும். தைவானில் இதற்கு நல்ல வரவேற்பு. கண் நீளும் வேகத்தையும் குறைக்கிறது, நல்லதுதான். ஆனால் மைனஸ் மூன்று உள்ள பிள்ளை பலகைக்கு முன்னால் நின்று எல்லா வளையத்தையும் சரியாகக் காட்டிவிடும். அட்ரோபினால் வேகம் குறைந்த பிள்ளைகளும் இந்தக் கணக்கில் கலந்திருப்பார்கள். எனவே இறக்கம் முழுவதையும் வெளிச்சத்தின் கணக்கில் எழுதினால் அது அவசரம்.

அதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்று தள்ளவும் முடியாது. காவ்சியுங், குவாங்சோ, 16 பள்ளி ஆய்வு மூன்றிலும் மருந்து விட்டுத்தான் அளந்தார்கள். மூன்றிலும் பலன் தெரிந்தது. என் கணிப்பு இது: வெளிச்சம் கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடுகிறது, தொடங்கிய பிறகு வெளிச்சத்தின் பிடி தளர்கிறது. ஏழு வயதில் வர வேண்டியது பத்து வயதில் வந்தால், 12 வயதுக் கணக்கில் அந்தப் பிள்ளை 'கிட்டப்பார்வை' என்றே பதிவாகும். ஆனால் 18 வயதில் அதன் பவர் மைனஸ் ஏழுக்குப் பதில் மைனஸ் நான்காக இருக்கலாம். எத்தனை பேருக்கு வந்தது என்று மட்டும் எண்ணும் எந்தச் சோதனையும் இந்த லாபத்தைக் காட்டாது. எந்த வயதில் வந்தது என்று எண்ண வேண்டும்.

யீலான்: பலகைக்கு முன்பே

அப்படி எண்ணிய இடம் ஒன்று இருக்கிறது. வடகிழக்குக் கரையில் உள்ள யீலான் மாவட்டம் 2014-இல் மழலைப் பள்ளிகளில் தன் சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்தார்கள். எரிச்சலுக்கு அழும் பிள்ளைகள், மருந்து பிடிக்கும் வரை காத்திருப்பு, விரிந்த கண்மணியோடு வீட்டுக்குப் போகும் வகுப்பு முழுவதும் என்று யோசித்துப் பார்த்தால் பலகையை மாட்டுவது எவ்வளவு சுலபம் என்று புரியும். ஆனால் பலகை காட்டாத ஒன்றை இது காட்டும்.

சின்னக் குழந்தையின் கண்ணில் இயல்பாகவே கொஞ்சம் பிளஸ் பவர் இருக்கும். கண் வளர வளர அதைச் செலவழிக்கும். வங்கியில் போட்டு வைத்த பணம் மாதிரி. ஆறு வயதில் பிளஸ் முக்காலுக்கும் கீழே இருப்பு குறைந்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு விரைவில் மைனஸ் வரும் வாய்ப்பு அதிகம். அதற்கு அன்றைக்குப் பார்வை 1.0; பலகைக்கு முன்னால் நூற்றுக்கு நூறு. மருந்து விட்டு அளந்தால் மட்டுமே இருப்பு கரைவது தெரியும். கண்ணாடிக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டு இருக்கும்போதே ஆசிரியரிடமும் பெற்றோரிடமும், 'இந்தப் பிள்ளையை அதிகம் வெளியில் விடுங்கள்' என்று சொல்ல முடியும். சோம்பேறிக் கண்ணில் இருந்த அந்த நேரான பாதை கிட்டப்பார்வைக்கும் இப்படித்தான் கிடைக்கிறது.

யீலானில் சோதனையோடு, தினமும் 120 நிமிடம் வெளியில், 30 நிமிடம் பார்த்தால் 10 நிமிடம் ஓய்வு என்பதையும் மழலைப் பள்ளிகளில் சேர்த்தே செய்தார்கள். 2014-இல் அந்த வயதுப் பிள்ளைகளில் 15.5 சதவீதமாக இருந்த கிட்டப்பார்வை 2016-இல் 8.4 சதவீதம் ஆனது. ஒவ்வொரு ஆண்டும் புதிதாக அந்த வயதை எட்டும் பிள்ளைகளைத்தான் அளக்கிறார்கள். எனவே இது ஒரே பிள்ளைக்குக் கண் 'சரியான' கதை இல்லை. வருவது குறைந்த கதை.

யீலானில் அளந்தது மருந்து விட்டு என்பதாலும், அந்த வயதில் ஆர்த்தோ-கே லென்ஸ் புழக்கம் அரிது என்பதாலும், முன்னே சொன்ன ஐயங்களில் பெரும்பாலானவை இந்த எண்ணைத் தொடாது. தைவான் முழுவதன் கோட்டைவிட ஒரு மாவட்டத்தின் இந்த எண்ணை நான் அதிகம் நம்புகிறேன். ஆனால் இதை நாடு முழுக்கச் செய்யக் கண் மருத்துவர்கள் மழலைப் பள்ளிகளுக்கு வந்து போக வேண்டும், பெற்றோர் ஒவ்வொருவரும் சொட்டு மருந்துக்குச் சம்மதிக்க வேண்டும். செவிலியரும் பலகையும் போதும் என்பது போல இது மலிவான வேலை இல்லை. இந்தச் செலவை யார் ஏற்பது, எந்த வயதில் ஒரு முறை செய்தால் போதும் என்பதில்தான் யீலானைப் பார்த்துச் செய்ய நினைக்கும் எந்த ஊரும் முதலில் முட்டி நிற்கும். இடைவேளையில் வகுப்பறையைக் காலி செய்வதற்கோ இந்தக் கேள்வி எதற்கும் பதில் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. காவ்சியுங் பள்ளியில் அதற்கு ஆன கூடுதல் செலவு என்று தனியாக எதுவும் இல்லை.